கரும்புத் தோட்டத் தொட்டியில் மிதக்கப் பழகிய பிள்ளைகள்: அணைக்கட்டு பக்கத்து நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அறுபது சொச்சம் பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். அங்கே மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுத்தோம். எப்படிச் செய்தோம், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். நான் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். தொடக்கப் பள்ளிகளில் அந்தப் பணியிடமே கிடையாது என்பதால் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பையனுக்கு நீச்சல் தெரியாது, அதான் போயிட்டான்" என்று நம் ஊரில் பேசி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மல்லாந்து மிதக்கத் தெரிய வேண்டும், ஓரத்தைப் பிடித்து ஏறத் தெரிய வேண்டும், இன்னொருவன் விழுந்தால் தானும் குதிக்காமல் உதவத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் வந்த பிறகுதான் கையைக் காலை அடித்து நீந்துகிற பாடம். இந்த வரிசையை மாற்றி, முதலில் நீந்தக் கற்றுக்கொடுத்து "இவனுக்கு நீச்சல் தெரியும்" என்ற பெயரை வாங்கிக்கொடுத்துவிட்டால், அந்தப் பெயரை நம்பியே அவன் ஏரிக்குள் இறங்குவான்.

ஏரியில் நடந்தது

எங்கள் பக்கத்து ஏரிகளில் கோடையில் வண்டல் மண் அள்ளுவார்கள். வயலுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜேசிபி வெட்டிய இடம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், சில இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலேயும். வெயில் காலம் முழுக்க அதே ஏரிக்குள்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அதனால் அங்கே எது மேடு எது பள்ளம் என்று தங்களுக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறியதும் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும்.

அப்படித்தான் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளத்தில் இறங்கிவிட்டான். கூட வந்த அவன் பெரியப்பா மகன், ஐந்தாம் வகுப்பு, கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனான். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடி வந்து, தண்ணீருக்குள் இறங்காமல், மேட்டு விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு தொரட்டியை நீட்டினார். தொரட்டியின் ஒரு முனையில் அரிவாள் இருக்கும், அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடிக்கோலைத்தான் நீட்டினார். பெரியவன் பிடித்துக்கொண்டான், சின்னவனின் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது, இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். சின்னவனை மட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த அம்மாவுக்கும் நீச்சல் தெரியாது. பிறகு அவரிடம் பேசும்போது ஒரு விஷயம் சொன்னார்: "கத்தவே இல்ல சார். ஆட்டம் போடுதுங்கன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா ரெண்டும் ஒண்ணும் பேசாம இருக்குதுங்க, அது என்னவோ மாதிரி இருந்துச்சு, ஓடியாந்தேன்."

இதைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் மூழ்குகிறவர்கள் சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூப்பிட மாட்டார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் உடம்புக்கு நேரம் இருக்கும், குரல் கொடுக்க இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏணி ஏறுகிற மாதிரியோ விளையாடுகிற மாதிரியோ தெரியும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார்கள், சின்னப் பிள்ளைகள் இன்னும் சீக்கிரம். கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி "கூப்பிட்டா கேக்கும்" என்று இருப்பதில் ஒரு பயனும் இல்லை.

உலகம் முழுக்க 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் பெரிய பங்கு சின்னப் பிள்ளைகள். நம் மாவட்டத்திலேயே இது புதிய கவலை கிடையாது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை பல வருடங்களாகப் பிறப்பு இறப்பைக் கவனித்துவரும் கணியம்பாடி ஒன்றியத்தில், குழந்தைகள் நீரில் மூழ்குவதைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு செய்து 2000-ல் வெளியிட்டார்கள்.

தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்கு ஏன் தெரியவில்லை

நாங்கள் பெற்றோரைக் கூட்டி "உங்களில் யாருக்கு நீச்சல் தெரியும்" என்று கேட்டோம். தாத்தா, ஆயாக்களில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். முப்பது வயதுக்காரர்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். வட ஆற்காடு முழுக்கக் கிணற்றுப் பாசனமாக இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் படி வைத்த பெரிய கிணறுகள் இருந்தன. சுரைக்குடுக்கையோ கல்யாண முருங்கைக் கட்டையோ முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு மாமனோ சித்தப்பாவோ இறக்கிவிடுவார். பிறகு நிலத்தடி நீர் கீழே போனது, போர்வெல் வந்தது, கிணறுகள் வறண்டன, பல கிணறுகளில் இப்போது முள்ளும் குப்பையும்தான். பாலாறு நந்தி மலையில் பிறந்து தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஒரு தலைமுறை அதை மணலாகத்தான் பார்த்தது. அந்தத் தலைமுறைக்கு நீந்த இடமும் இல்லை, நீந்த வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போயின. ஊரே குடும்பத்தோடு பார்க்கக் கிளம்பியது, இளவட்டங்கள் இறங்கிக் குளித்தார்கள். தண்ணீர் திரும்பி வந்துவிட்டது, தண்ணீரோடு பழகுகிற பழக்கம் திரும்பி வரவில்லை. மணல் அள்ளிய பள்ளம் ஆற்றில், வண்டல் அள்ளிய பள்ளம் ஏரியில், கல் உடைத்த பள்ளம் குவாரியில். போதாததற்கு இப்போது தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டைகள். இந்தக் கடைசி வகையைப் பற்றி நாம் இன்னும் போதுமான அளவுக்குப் பயப்படவில்லை. நனைந்த தார்ப்பாய்ச் சரிவில் வளர்ந்த ஆளாலேயே ஏற முடியாது, கால் வழுக்கிக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவனும் அதில் களைத்துப் போவான்.

எங்கே கற்றுக்கொடுப்பது

வேலூருக்கு வேன் வைத்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று முதலில் பேச்சு வந்தது. வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், நீச்சல் உடை என்று கணக்குப் போட்டதும் அது அப்படியே நின்றது. ஊர்க் குட்டையில் மாடு கழுவுகிறார்கள். நேராகக் கிணற்றில் இறக்க எனக்குச் சம்மதமில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளை கிணற்றின் எட்டிப் பார்க்கிற ஆழத்தைக் கண்டதுமே விறைத்துப்போகும்.

கடைசியில் வழி காட்டியது ஒரு கரும்புத் தோட்டம். எங்கள் பக்கத்தில் பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது போரை ஓடவிட்டு, தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, பிறகு நிதானமாகப் பாய்ச்சுவார்கள். அந்த விவசாயியின் சிமெண்ட் தொட்டி இருபது அடிக்கு இருபது அடி, நாலடி ஆழம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ராத்திரி நிரப்பிய சுத்தமான தண்ணீர், அடியில் சேறு இல்லை, எத்தனை அடி வேண்டுமோ அத்தனை அடி நிரப்பலாம். வகுப்பு முடிந்ததும் மடையைத் திறந்தால் தண்ணீர் கரும்புக்குப் போய்விடும், ஒரு சொட்டும் வீணில்லை. குளோரின் போட வேண்டிய வேலையும் இல்லை. முதல் வாரங்களில் இரண்டடிக்கு மேல் நிரப்பவில்லை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம்.

ஒரே ஒரு ஆபத்து, அதுவும் பெரியது. மின்சாரம். மோட்டார் ஒயர் எங்கேயாவது உரசிக் கசிந்தால் தொட்டித் தண்ணீர் முழுக்கக் கரண்ட். ஸ்டார்ட்டரை அணைத்தால் போதும் என்று இருக்கக் கூடாது. பிள்ளைகள் தோட்டத்துக்குள் வருவதற்கு முன்பே விவசாயி ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கி என் பையில் போட்டுவிடுவார். கடைசிப் பிள்ளை தலை துவட்டி வெளியே போன பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுப்பேன். இந்த ஏற்பாட்டை யார் காப்பியடித்தாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் மே மாத லீவில் நீச்சல் வகுப்பு வைக்கிறார்கள். நம் பக்கத்தில் அது தாமதம். லீவு விட்ட அன்றைக்கே பிள்ளைகள் தண்ணீர் தேடிப் போய்விடுகிறார்கள், அதுவும் பெரியவர்கள் வேலைக்குப் போன மத்தியான நேரத்தில். அதனால் பொங்கல் முடிந்து பனி குறைந்ததும் தொடங்கி, சனிக்கிழமைகளில் வெயில் ஏறிய பிறகு, ஏப்ரல் தேர்வுக்கு முன்னால் முடித்துக்கொண்டோம். கிணற்றுப் பாடத்துக்கும் அதுதான் ஏற்ற காலம். மே மாதத்தில் தண்ணீர் ரொம்பக் கீழே போய், படி முடிகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் பாறைதான் இருக்கும்.

யார் யார்

அனுமதிக்காகக் கல்வித் துறை அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. "பள்ளி நேரத்தில் வேண்டாம், பெற்றோர் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் தலை உருளும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது, எங்களுக்கும் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தமிழில் சம்மதக் கடிதம் வாங்கினோம். கடிதத்திலேயே வலிப்பு உண்டா, இளைப்பு உண்டா, இதய நோய் உண்டா, காதில் சீழ் வடிகிறதா என்று கேட்டிருந்தோம். வலிப்பு வருகிற ஒரு பிள்ளை இருப்பது அப்போதுதான் பள்ளிக்கே தெரிந்தது. வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் பல மடங்கு ஆபத்து, வீட்டுத் தொட்டிகூட. டாக்டரைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளைக்குக் கரைப் பாடங்கள் மட்டும் வைத்தோம், கயிறு வீசுவதில் அவள்தான் கெட்டிக்காரி.

பெண் பிள்ளைகளை அனுப்ப அம்மாக்கள் தயங்கினார்கள். ஆண் வாத்தியார், ஈர உடை, ஊர் என்ன சொல்லும் என்று. இதற்கு விடை விவசாயி வீட்டிலேயே இருந்தது, அவருடைய அம்மா. எழுபதை நெருங்குகிறவர், சேலையை வாரிச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கி மல்லாந்து படுத்தார் என்றால் கைகால் அசையாமல் அப்படியே கிடப்பார். பெண் பிள்ளைகள் முழுக்க அவர் பொறுப்பு. "தலைய நல்லா பின்னால சாச்சி வானத்தப் பாரு, வவுத்த மேல தள்ளு, காத்த உள்ளயே வெச்சிக்கோ, அவ்ளோதான்டி." நான் பயிற்சி முகாம்களில் கற்றுக்கொண்டதை எல்லாம் இந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். உடை விஷயத்தில் லெக்கிங்ஸும் டீ சர்ட்டும் என்று முடிவானது. கடைசி வாரங்களில் எல்லோரும் வீட்டில் போடுகிற சுடிதார், பாவாடை, பேண்ட்டோடுதான் இறங்க வேண்டும் என்று வைத்தோம், ஏரியில் தவறி விழுகிறவர்கள் நீச்சல் உடையில் விழுவதில்லை.

இன்னொரு தயக்கமும் இருந்தது, அதை மறைத்து எழுதுவது சரியாக இருக்காது. காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே தொட்டியில் இறங்குவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். காலனிப் பிள்ளைகளின் தாத்தாக்களுக்கும் நீச்சல் தெரியாததற்குக் காரணமே, ஊர்க்காரர் கிணறுகளில் அவர்களை இறங்க விடாததுதான். தலைமை ஆசிரியை எல்லாப் பிள்ளைகளும் அல்லது யாரும் இல்லை என்று உறுதியாக நின்றார். விவசாயியின் அம்மாவான அந்த ஆயாவும் "எல்லாம் நம்ம இஸ்கோல் புள்ளைங்கதான், வரட்டும், இது எங்க தொட்டி" என்று சொல்லிவிட்டார். இரண்டு வீடுகள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதில் ஒரு பிள்ளை மூன்றாவது வாரம் தானாக வந்து சேர்ந்தது.

தொட்டியில் பெரியவர் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், அதற்கு மேல் கூடாது. மீதிப் பேர் வரப்பில் உட்கார்ந்து கயிறு வீசிப் பழகுவார்கள். ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கையில் போன் கூடாது. இது சும்மா உட்காருகிற வேலையாகத் தெரிந்தாலும் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதனால் அரை மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றினோம். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக இருப்பார்கள். விசில் அடித்தால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும், கை தூக்காத ஜோடி இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

பாடம்

முதல் நாள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. தொரட்டி பாடம். அந்த ஆடு மேய்க்கும் அம்மாவையே கூப்பிட்டு, அவர் செய்ததை அப்படியே வரப்பில் செய்து காட்டச் சொன்னோம். கூச்சப்பட்டுக்கொண்டே படுத்துக் காட்டினார். படுப்பது ஏன் முக்கியம் என்றால், நின்றுகொண்டு கோலை நீட்டினால் பிடிக்கிறவன் இழுக்கிற இழுப்பில் நீட்டுகிறவனும் உள்ளே போவான். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மணலில் ஒருவனை நிற்க வைத்து, அவனைவிடச் சின்னவனை விட்டுக் கோலை இழுக்கச் சொன்னேன். பெரியவன் தடுமாறி முன்னால் வந்து விழுந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வரிசை இது: முதலில் கத்து, ஆளைக் கூப்பிடு. அப்புறம் நீட்டு, கோல், துப்பட்டா, சேலை, வேட்டி, எது கிடைக்கிறதோ அது. எட்டவில்லை என்றால் வீசு, மூடி போட்ட காலி கேன், பிளாஸ்டிக் குடம், கயிறு. தண்ணீருக்குள் மட்டும் போகாதே. "என் தம்பியா இருந்தாலும் போகக் கூடாதா சார்?" என்று ஓர் ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். கூடாது என்று சொல்வது சுலபம், அதை ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ள வைப்பது கஷ்டம். போனால் தம்பி உன்னைத்தான் பிடித்து அழுத்துவான், அப்புறம் இரண்டு பேருக்கும் கோல் நீட்ட கரையில் ஆள் இருக்காது என்று விளக்கினோம். செய்தித்தாளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று வருகிற சேதிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கைகொடுக்கிற பாசம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் தொட்டியில் இறங்குவதற்கு முன் இந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தினோம்.

தண்ணீரில் முதலில் மூச்சு. முகத்தை உள்ளே வைத்துக் குமிழி விடுவது, கண்ணைத் திறப்பது, அடியில் கிடக்கும் கல்லை எடுப்பது. இரண்டு வாரம் இதிலேயே போனது. அவசரப்படவில்லை, மூக்கில் தண்ணீர் ஏறியதும் பதறுகிற பிள்ளைக்கு மற்ற எதுவுமே வராது. அடுத்தது மிதப்பது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொன்னோம். அந்தக் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தூக்கும், தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளையின் முகத்தை மேலே வைக்க அதுவே தாராளம். லாரி டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சின்னப் பிள்ளை நடுவில் நழுவிக் கீழே போய்விடும். கேனைப் பிடித்து மிதக்கத் தெரிந்ததும் ஒரு கையை எடுக்கச் சொல்லி, அப்புறம் கேனையே மெதுவாக உருவிக்கொண்டோம்.

பயந்த பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தாலே தெரியும். கழுத்து விறைத்திருக்கும், கால் பார்க்கத் தலையைத் தூக்குவார்கள், தலை தூக்கியதும் இடுப்பு மடங்கும், இடுப்பு மடங்கியதும் உட்கார்ந்த நிலையில் கீழே போவார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இது விடவே இல்லை. ஆயா அவள் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு காதும் தண்ணீருக்குள் போகிற மாதிரி பிடறியைக் கையில் ஏந்தி, "நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டார். கேட்கவில்லை என்று அவள் தலையாட்டினாள். "கேக்கலனா சரியா படுத்துனுகீறன்னு அர்த்தம்." அன்றைக்கே மிதந்துவிட்டாள். நானும் அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் காதைத்தான் அடையாளமாகச் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் கவலை கொடுத்தது பயந்த பிள்ளைகள் கிடையாது. ஏற்கெனவே மாமா வீட்டுக் கிணற்றில் நீந்தத் தெரிந்த இரண்டு பையன்கள்தான். மிதக்கிற பாடம் அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. பேண்ட்டு சட்டையோடு இறக்கி, ஓரத்தைத் தொடாமல் இருங்கள் என்றதும் சீக்கிரமே மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். கை ஓயும்போது என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. திரும்பி மல்லாந்து படு, மூச்சு வாங்கு, திரும்ப நீந்து. இது வந்த பிறகுதான் அவர்களை "நீச்சல் தெரிந்தவர்கள்" பட்டியலில் சேர்த்தேன்.

கடைசியாகத்தான் கால் அடிப்பதும் கை போடுவதும். வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் பரண் கட்டி, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்ததாக 2012-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அவர்கள் வைத்திருக்கிற அளவு 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதப்பது, கரையிலிருந்து காப்பாற்றுவது. எங்கள் தொட்டியின் ஒரு பக்கம் சுமார் ஆறு மீட்டர். போக, வர, போக, வர, கொஞ்சம் கூட. அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். எந்த அடி, எப்படிப்பட்ட அழகு என்பதெல்லாம் பார்க்கவில்லை. நாய் நீச்சலாக இருந்தாலும் சரி.

கிணறு

ஐந்தாம் வகுப்பில் தேறியவர்களை மட்டும் படி உள்ள ஒரு கிணற்றுக்குக் கூட்டிப்போனோம். பழைய வழக்கப்படி கயிற்றை இடுப்பில் கட்டப் போனார்கள், நான் தடுத்தேன். இடுப்பில் கட்டி இழுத்தால் தலை கீழே சாயும். அக்குளுக்குக் கீழே, மார்பைச் சுற்றி, இறுகாத முடிச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே ஒருவர் கயிற்றைப் பிடிக்க, தண்ணீரில் ஒருவர். முதலில் இறங்கியதும் எல்லோரும் சொன்னது "சில்லுனு கீது சார்." தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அந்த இழுப்பு அடங்கும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் கற்றுக்கொடுத்தோம். குதிக்க யாரையும் விடவில்லை. அடியில் உடைந்த பாட்டிலும் முள்ளும் பழைய குழாயும் இருக்கிற கிணறுகள்தான் நம் ஊரில் அதிகம்.

ஆற்றுப் பாடம் கரையில் நின்றபடிதான். ஜவ்வாது மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே காட்டாற்றில் வெள்ளம் வரும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு.

பெற்றோர்களுக்கு

கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு சனிக்கிழமை வந்து பெற்றோர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது என்றுதான் தொடங்கினார்கள். ஒருவர் உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததாகச் சொன்னார். இதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் மூளைக்குக் காற்றில்லாத நிமிடம். மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. சமமான இடத்தில் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் காற்று ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், நிறுத்தாமல். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். கண் விழித்துப் பேசினாலும், இருமல் நிற்காவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

தலையணையை வைத்து ஒவ்வொருவரையும் அழுத்தச் சொன்னார் செவிலியர். இரண்டு நிமிடத்திலேயே வேர்த்துவிட்டது எல்லோருக்கும். ஆள் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

என்ன ஆனது

முடிக்கும்போது, இறங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அசையாமல் மிதந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல் 25 மீட்டர் நீந்தினார்கள். மூன்றாம் வகுப்பில் பலருக்கு நீச்சல் இன்னும் வரவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. கயிறு வீசுவதில் எல்லோரும் தேறினார்கள். மே மாதத்தில் தார்ப்பாய்க் குட்டை ஒன்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும், எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் உள்ளே இறங்காமல் ஒருவனைப் பெரியவர்களைக் கூப்பிட அனுப்பிவிட்டு, மற்ற இருவரும் கரையில் படுத்துத் துப்பட்டாவை நீட்டிக்கொண்டிருந்தார்களாம். எனக்கு 25 மீட்டரைவிட இதுதான் பெரிய தேர்ச்சி.

பிள்ளைகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சுமத்தவும் முடியாது. அந்தக் குட்டைக்காரரிடம் பேசி, நாலு மூலையிலும் முளையடித்து, முடிச்சுப் போட்ட கயிறு தண்ணீருக்குள் தொங்கும்படி கட்டியிருக்கிறார். ஐம்பது ரூபாய்க் கயிறு, வழுக்கும் சரிவில் பிடித்து ஏற அது போதும். ஏரியில் வண்டல் அள்ளும்போது ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், பள்ளம் உள்ள இடத்தில் கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுத்தோம். கொம்பு நட்டார்கள். சரிவு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது, அடுத்த கோடையில் ஜேசிபி வரும்போது நேரிலேயே போய் நிற்பதாகப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் இப்போது என் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கும் மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை தொரட்டி பாடத்தையும் மிதப்பதையும் திரும்ப வைக்கப் போகிறோம். புதிதாக மூன்றாம் வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பொங்கலுக்குப் பிறகு தொடக்கம். கரும்பு வெட்டிவிட்டு வாழை வைக்கப் போகிறாராம் விவசாயி, தொட்டித் தண்ணீர் அதற்கும் வேண்டும் என்பதால் சனிக்கிழமை ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. காலி எண்ணெய் கேன்கள்தான் பற்றவில்லை, டீக்கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் சொல்லி வைத்திருக்கிறோம்.